கடைசி சைக்கிளில் வந்தவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சங்கத்தின் துணைத்தலைவர், பல் மருத்துவர் அம்மா அவர்களே! அழைப்பு அனுப்பாமலேயே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்து, நாங்கள் கையைப் பிடித்து இழுத்து மேடையேற்றியிருக்கும் நகரமைப்பு அலுவலகத்தின் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைவரின் துணைவியார் அம்மா அவர்களே, அவருடைய அன்பு மகளே! மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் பழைய ரயில்பாதை மிதிவண்டிச் சங்கத்துத் தோழர்களே! கீழே சைக்கிளைப் பூட்டாமல் விட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் அவசரக்காரர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் சங்கத்துச் செயலாளனின் வணக்கம். இன்று நான் முழு மனதோடு சொல்லக்கூடியது இந்த ஒரு வணக்கம்தான்.

என்னைத் தெரியாத சிலர் இங்கே இருக்கலாம். பழைய கூட்ஸ் ஷெட்டுக்கு எதிரே சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். முன்கோபி என்று பெயர் வாங்கியவன். காற்றில்லாமல் வண்டியை ஓட்டி வந்து ட்யூபைக் கிழித்துக்கொண்டு நிற்பவர்களைத் திட்டாமல் ஒரு பஞ்சர்கூட ஒட்டியதில்லை. மேடைப் பேச்சு எனக்கு வராது. வராத என்னைப் பதினேழு ஆண்டுகளாக மேடை மேடையாய்ப் பின்னாலிருந்து தள்ளிவிட்டவர் ஒருவர் உண்டு. "செயலாளர்னா பேசணும் தம்பி, ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு நின்னா போதாது" என்பார். இன்று தள்ளிவிட அவர் இல்லை. நானே ஏறி நிற்கிறேன்.

யார் அவர்? இதோ மாலை போட்ட படத்துக்குள் இருக்கிறாரே, சட்டைப் பையில் இரண்டு பென்சிலோடு, யார் இந்த மனிதர்? நகரமைப்பு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைபடம் வரைந்தவர். பதவி உயர்வு என்ற சொல்லைக் கேட்டாலே சிரித்தவர். மேப் ஐயா! இந்த நகரத்தில் பாதிப் பேருக்கு அவருடைய இயற்பெயர் தெரியாது. அவர் வீட்டுக்குத் தபால் கொண்டுவருபவர்கூட வாசலில் நின்று "மேப் ஐயா" என்றுதான் கூப்பிடுவார். ஆலைகளுக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்த ரயில் நின்றுபோய், தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், அந்த இடம் முள்ளும் குப்பையுமாய்க் கிடந்த நாளில், எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோனார்கள். அவர் மட்டும் உள்ளே இறங்கி நடந்தார். பதினொரு கிலோமீட்டர் நடந்தார். திரும்பி வந்து தன் மேசையில் நகர வரைபடத்தை விரித்து, பச்சைப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். நடக்கவும் மிதிக்கவும் ஒரு பாதை. பள்ளிக்கூடத்திலிருந்து மருத்துவமனை வரைக்கும், மருத்துவமனையிலிருந்து ஆலைத்தெரு வரைக்கும், ஒரு லாரிகூடக் குறுக்கே வராத பாதை! அந்தக் கோட்டைத் திட்டம் என்று ஏற்றுக்கொண்டு முத்திரை குத்தினார்கள். பத்தொன்பது ஆண்டு ஆகிறது. முத்திரை மை காய்ந்ததோடு சரி.

முதன்முதலில் அவர் என் கடைக்கு வந்தது நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. பின்சக்கரம் அப்பளமாய் வளைந்திருந்தது. "என்னங்க, ஆட்டோவுக்கு அடியில விட்டுட்டீங்களா?" என்றேன். "இல்ல தம்பி, சரளைக்கல்லுல ஓட்டிப் பார்த்தேன். இந்த வண்டி பதினோரு கிலோமீட்டர் அதுல ஓடுமா?" என்று கேட்டார். "வண்டி ஓடும். ஓட்டறவர்தான் ஓடமாட்டார்" என்றேன். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். "அப்ப நீங்களும் வாங்க. வண்டி பாதியில நின்னா உங்களுக்கும் வேலை, நான் பாதியில நின்னா உங்களுக்குப் பேச்சுத் துணை" என்றார். அப்படி இரண்டு பேரோடு ஆரம்பித்ததுதான் இந்தச் சங்கம். கடை முகவரியே சங்கத்து முகவரியாயிற்று. சங்கத்துக்கு வரும் கடிதமெல்லாம் என் கடைக்குத்தான் வரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை பாதை நெடுகிலும் கூட்டமாக ஓட்டிப் போவோம். புதிதாக எந்த அதிகாரி வந்தாலும் அழைப்போம். ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். காரில் வந்தார், காருக்குப் பின்னால் இன்னொரு காரில் அவருடைய சைக்கிள் வந்தது! தலைக்கவசம் போட்டுக்கொண்டு இருநூறு மீட்டர் ஓட்டினார். போட்டோ எடுத்தாயிற்று. இறங்கினார், காரில் ஏறினார், போயே போய்விட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. "ஐயா, இவருக்கா நாம வழியெல்லாம் முள்ளு வெட்டினோம்?" என்று கத்தினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இருநூறு மீட்டர் வந்துட்டாருல்ல தம்பி? பாக்கி பத்தாயிரத்து எண்ணூறு மீட்டர்தான்." அன்றைக்கு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்த மனிதரின் நம்பிக்கையை எந்தக் கத்தியாலும் அறுக்க முடியாது என்று நினைத்தோம்.

தோழர்களே, நம் சங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மற்ற இடங்களில் தலைவர் முன்னால் போவார். எங்கள் தலைவர் கடைசியில்தான் வருவார். யாருக்கு மூச்சு வாங்குகிறதோ, யாருக்குச் செயின் கழன்றதோ, அவருக்குப் பின்னால் மேப் ஐயா இருப்பார். வழியில் பழைய ரயில்வே கேட் மூன்று. கேட் இப்போது இல்லை, பெயர்தான் இருக்கிறது. ஒவ்வொரு கேட்டிலும் நின்று எண்ணுவோம். முன்னால் இருப்பவர் 'ஒன்று' என்பார், அடுத்தவர் 'இரண்டு' என்பார், அப்படியே பின்னால் வரும். கடைசி எண் ஐயாவுடையது. அதை அவர் உரக்கச் சொன்னால்தான் பெடலில் கால் வைப்போம். ஒரு ஆள்கூட வழியில் விடுபடக்கூடாது என்பதற்காக அவரே கண்டுபிடித்த ஏற்பாடு அது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆறு ஆண்டுக்கு முன்னால் அந்த இடத்தில் லாரி நிறுத்துமிடம் கட்டப்போகிறோம் என்று ஒரு கடிதம் வந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். நம் சங்கத்துப் பேக்கரி அண்ணன் அழுதே விட்டார். மேப் ஐயா கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் படித்தார். "முப்பது நாள் குடுத்திருக்காங்க. தாராளம்" என்றார். பென்சிலைச் சீவினார். பதினொரு நாள் தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. எல்லைக்கல் எங்கே, வாய்க்கால் எங்கே, எந்த இடத்தில் லாரி நின்றால் எந்தத் தெருவுக்குள் மழைத்தண்ணீர் ஏறும் என்று அறுபத்திரண்டு பக்கம் எழுதினார். அந்த மறுப்பை வாங்கிப் படித்தவர் இதோ, மேடையில் இருக்கும் பொறியாளர் ஐயாதான். "இந்த மனுஷனுக்குப் பதில் எழுத எங்க ஆஃபீஸ்ல ஆள் கிடையாது" என்று அவரே பிறகு எங்களிடம் சொன்னார். லாரி நிறுத்துமிடம் வரவில்லை. ஒற்றை ஆள், ஒரு பென்சில்! இதெல்லாம் நமக்குத் தெரியாதா? தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் நாம் அந்தக் காரியத்தைச் செய்தோம்.

அந்தக் காரியத்துக்கு வருகிறேன்.

இருபத்திரண்டு நாளுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை, என் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. 'தலைவர்' என்று முகவரி எழுதியிருந்தது. சங்கத்துக் கடிதத்தை நான் பிரிப்பது வழக்கம்தான். பிரித்தேன். முதல் வரியிலேயே இருந்தது: மேற்படி பழைய ரயில்பாதை நிலம் முழுவதும் நான்கு வழி இணைப்புச் சாலைக்காக ஒதுக்கப்பட்டுவிட்டது. பதினொரு கிலோமீட்டரும் போயிற்று. கையில் கிரீஸ் இருந்தது, அதோடேயே காகிதத்தை மடித்தேன். பஞ்சர் ஒட்டும் சாமான் வைத்திருக்கும் தகர டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

ஏன்? ஆறு மாதத்துக்கு முன் ஐயாவுக்கு நெஞ்சுவலி வந்து நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். மெதுவாக சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் அனுமதி தந்த அன்றிலிருந்து அவர் வாயில் ஒரே பேச்சுதான், இந்த ஆண்டுக்கான ரைடு. அதற்கு இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது. இந்தச் செய்தியை அவர் நெஞ்சு தாங்குமா என்று பயந்தேன். நேராக ஐயா வீட்டுக்குப் போய், அவர் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மாவிடம் சொன்னேன். அம்மா குளியலறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ரைடு முடியட்டும் தம்பி. அதை நினைச்சுத்தான் சாப்பிடறாரு, தூங்கறாரு. அப்புறமா நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்" என்றார். அம்மா அவர்களே, இதை இங்கே சொல்ல நீங்கள் அனுமதி தந்தீர்கள். உங்கள் மேல் ஒரு சொட்டுப் பழியும் இல்லை. கடிதம் வந்தது என் கைக்கு.

அதோடு நின்றேனா? மனசு கேட்கவில்லை. துணைத்தலைவர் அம்மாவிடம், "உங்களுக்கு மட்டும்தான் சொல்றேன்" என்றேன். அவர் பேக்கரி அண்ணனிடம், அவருக்கு மட்டும்தான் சொன்னார். பேக்கரி அண்ணன் இன்னொருவரிடம், அவருக்கு மட்டும்தான் சொன்னார். நம் சங்கத்தில் ரகசியம் எப்படிக் காப்பாற்றப்படும் என்பதைப் பற்றி நான் சொல்லியா தெரிய வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் முழுப் பூசணிக்காயும் ஊரெல்லாம் தெரிய, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

அதற்கடுத்த வாரம், ரைடு நாளான ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குப் பழைய நடைமேடையில் கூடினோம். வழக்கமாக வருவது பதினைந்து, இருபது பேர். அன்று எத்தனை பேர்? நாற்பத்தேழு! முழங்கால் வலி என்று மூன்று ஆண்டாக வராதவர்கள் வந்தார்கள். சங்கத்தோடு சண்டை போட்டுக்கொண்டு போனவர் வந்தார். ஏன் வந்தீர்கள்? கடைசி ரைடு என்று தெரிந்து வந்தீர்கள். அந்த மனிதருக்காக வந்தீர்கள். அன்பில் வந்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? நான் குனிந்து ஒரு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். ஓடிவந்தார். எழுபத்தோரு வயது மனிதர், நெஞ்சுவலி கண்டவர், ஓடிவந்தார். "பார்த்தீங்களா தம்பி? போன வருஷம் பதினெட்டு. இந்த வருஷம் நாற்பத்தேழு! ஜனங்களுக்குப் புரிய ஆரம்பிச்சிடுச்சு. இனிமே யாராலயும் இதைத் தள்ளிப்போட முடியாது, எழுதி வச்சுக்குங்க" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நான் என்ன செய்தேன்? செயினைப் பார்த்துக்கொண்டே "ஆமாங்க ஐயா" என்றேன். நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே ஆகக் கேவலமானது அந்த 'ஆமாங்க ஐயா'தான்.

கிளம்பினோம். வீடுகளின் பின்பக்கம் வழியாக, துணி காயும் கொடிகளுக்குக் கீழே தலையைக் குனிந்து, அச்சகத்துச் சுவரைத் தாண்டி, வாய்க்கால் பாலத்தின் மேல் ஒவ்வொருவராக இறங்கித் தள்ளிக்கொண்டு போனோம். கொல்லைப்புறத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "அடுத்த வருஷம் இங்க விளக்குக் கம்பம் வந்துடும்மா, பயமில்லாமப் போகலாம் வரலாம்" என்று பின்னாலிருந்து அவர் சொல்லிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. கேட்டும் நான் திரும்பவில்லை. யாரும் திரும்பவில்லை! நாற்பத்தாறு பேரில் ஒருவருக்கும் அவர் கண்ணைப் பார்க்கிற தைரியம் இல்லை. பார்த்தால் நம் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வழக்கத்தைவிட வேகமாக மிதித்தோம். மருத்துவர் மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்த மனிதரைப் பின்னால் வைத்துக்கொண்டு வேகமாக மிதித்தோம்.

முதல் கேட்டில் 'நாற்பத்தேழு' என்று குரல் வந்தது. இரண்டாவது கேட்டிலும் வந்தது, கொஞ்சம் தாமதமாக. மூன்றாவது கேட்டில் நின்று எண்ணினோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பின்னால் போயிற்று. நாற்பத்தாறு என்றார் பேக்கரி அண்ணன். அதற்குப் பிறகு சத்தமில்லை.

"ஐயா யாருக்கோ பஞ்சர் பார்த்துக்கிட்டிருப்பாரு" என்று ஒரு குரல் கேட்டது. எல்லோரும் ஆமாம் என்றோம். தண்ணீர் குடித்தோம். நிழல் தேடி நின்றோம். தோழர்களே, நாற்பத்தாறு பேரும் அங்கேயே நிற்கிறோம்! பிறகு யாருக்குப் பஞ்சர்? ஒன்றாம் வகுப்புக் குழந்தை போடுகிற கணக்கு! அதைப் போட ஒரு தலைகூட அங்கே இல்லையா? இருந்தது. போட்டால் ஒருவர் திரும்பிப் போக வேண்டும். போகிறவர் அவரைத் தனியாகச் சந்திக்க வேண்டும், அந்தச் சந்தோஷமான முகத்துக்கு முன்னால் தனியாக நிற்க வேண்டும். 'நீங்க போங்களேன்' என்பதுபோல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருபது நிமிடம் அப்படிப் போயிற்று.

பிறகு நான் போனேன். வாய்க்கால் பாலத்துக்கு இப்பால், துருப்பிடித்த சிக்னல் கம்பத்தின் கீழே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாருக்கும் வழியை அடைக்காதபடி சைக்கிளை ஓரமாக ஒதுக்கி, ஸ்டாண்டு போட்டிருந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடி திறந்திருந்தது. "ஐயா" என்றேன். கையைத் தொட்டேன். மருத்துவமனையில் அந்த இளம் மருத்துவர் என்னிடம், "கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா முயற்சி பண்ணிப் பார்த்திருக்கலாம்" என்றார். எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை உங்களில் பலர் என் தோளைத் தட்டிச் சொன்னீர்கள். "நல்ல சாவுங்க. எதுவும் தெரியாமலே, சந்தோஷமாப் போயிட்டாரு." கொடுத்து வைத்தவர் என்றீர்கள். அன்றைக்கு நானும் தலையாட்டினேன், ஏனென்றால் அந்தச் சொல் எனக்கும் ஆறுதலாக இருந்தது. இன்று கேட்கிறேன். எது நல்ல சாவு? பத்தொன்பது வருடம் ஒரு கோட்டுக்காக உழைத்தவரிடம், அந்தக் கோடு அழிந்துபோன செய்தியை ஊரே கூடி மறைத்தது நல்லதா? வழியனுப்ப வந்தவர்களை வரவேற்க வந்தவர்கள் என்று அவர் நம்பியது நல்லதா? நாம் அவரைக் குழந்தையாக்கினோம். அறுபத்திரண்டு பக்கம் எழுதியவரை, ஒரு பக்கம் படிக்கத் தாங்காதவர் என்று முடிவு கட்டினோம்!

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மேடை ஏறினேன். சொன்ன பிறகு நீங்கள் என்னைச் செயலாளராக வைத்துக்கொள்வதும் நீக்குவதும் உங்கள் இஷ்டம்.

அவர் போன நான்காம் நாள், வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் என் கடைக்கு வந்தார். அப்பாவுக்கு வந்த கடிதத்தைப் பார்க்க வேண்டும் என்றார். தகர டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ரப்பர் சொலூஷன் வாசனை அடித்தது. அவர் நின்றபடி படித்தார். பிறகு தாளைத் திருப்பினார்.

"அங்கிள், பின்பக்கமும் இருக்கே. படிக்கலையா?"

நான் படிக்கவில்லை! முதல் பக்கத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு மடித்தவன் நான். எல்லாம் முடிந்தது என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். பின்பக்கத்தில் என்ன இருந்தது? மறுப்பு இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதலாம் என்று இருந்தது. போன முறை போலவே முப்பது நாள். அதில் பதின்மூன்று நாள் அவர் உயிரோடு இருந்தார்! அறையில் பென்சிலும் வரைபடமுமாக, செய்வதற்கு வேறு வேலை இல்லாமல், ரைடுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு, என் கடையிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தார். போன முறை அவருக்குத் தேவைப்பட்டது பதினொரு நாள். இந்த நகரத்தில் இதற்குப் பதில் எழுதத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அந்த ஒருவரிடமிருந்துதான் கடிதத்தை மறைத்தேன். அவர் நெஞ்சைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவர் கையைக் கட்டிப்போட்டேன். நெஞ்சும் போயிற்று, நிலமும் போகப்போகிறது.

அன்றைக்கே அம்மாவின் அனுமதியோடு அவர் அறையைத் திறந்தோம். கிலோமீட்டருக்கு ஒன்றாகப் பதினொரு வரைபடம், உருட்டி நிறுத்தி வைத்திருக்கிறார். விரித்தால் ஒவ்வொன்றிலும் பென்சிலில் புள்ளி, முக்கோணம், வட்டத்துக்குள் எண், அம்புக்குறி. எது எல்லைக்கல், எது வாய்க்கால் மட்டம், எது வெறும் மரம்? விளக்கக் குறிப்பு எங்கும் இல்லை. தனக்குத் தெரிந்ததை எதற்கு எழுத வேண்டும் என்று விட்டிருக்கிறார். பொறியாளர் ஐயா நேற்று வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். "பாதி புரியுது. மீதி அவர் மண்டைக்குள்ள இருந்திருக்கு" என்றார். இவரைவிட அதிகமாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யாரும் இல்லை.

இனி தீர்மானம். என் கையில் ஒரு தாள் இருக்கிறது. செயற்குழு டைப் செய்து கொடுத்தது. 'மறைந்த தலைவரின் கனவுப் பாதை திறக்கப்படும் நாள் வரை ஓயமாட்டோம் என்று இக்கூட்டம் உறுதி ஏற்கிறது' என்று எழுதியிருக்கிறது. நான் படிக்க, நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று திரும்பச் சொல்ல வேண்டும். நல்ல தமிழ், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை நான் படிக்கப் போவதில்லை. மன்னியுங்கள் துணைத்தலைவர் அம்மா. அந்தப் பாதை திறக்கப்படும் என்று நான் நம்பவில்லை. நீங்களும் நம்பவில்லை. நம்பாததை அவர் முகத்துக்கு முன்னால் இன்னொரு முறை சொல்ல என்னால் முடியாது. ஒருமுறை சொன்னதே போதும்.

உள்ளதைச் சொல்கிறேன். இன்னும் இருப்பது எட்டு நாள். அவருக்கே பதினொரு நாள் ஆன வேலை. நமக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. நம்மில் ஒருவர் பல் பிடுங்குகிறவர், ஒருவர் ரொட்டி சுடுகிறவர், ஒருவர் பஞ்சர் ஒட்டுகிறவர். நாம் எழுதுவது அறுபத்திரண்டு பக்கம் வராது, ஆறு பக்கம் வந்தால் பெரிது. அதையும் தள்ளுபடி செய்வார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று எனக்குத் தெரியும். போன வாரம் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "எழுதி என்னம்மா பிரயோஜனம்?" என்று கேட்டேன். அம்மா வரைபடங்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "பிரயோஜனம் இருக்கான்னு அவர் ஒரு நாளும் என்கிட்ட கேட்டதில்ல தம்பி. எனக்கு அதுக்குப் பதில் தெரியாது. ரூமைப் பெருக்கி வச்சிருக்கேன், வர்றவங்க வாங்க" என்றார்.

கடிதம் அவர் பெயருக்கு வந்தது. இன்று வரை அவரிடம் கொடுக்கப்படவில்லை. ஆகவே அதன் கடைசிப் பத்தியை அவருக்கு முன்னால், உங்களைச் சாட்சியாக வைத்துப் படிக்கிறேன். ஐயா, கேளுங்கள்.

'மேற்படி ஒதுக்கீடு குறித்துத் தங்களுக்கு மறுப்பு ஏதும் இருப்பின், இக்கடிதம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். பதில் வராவிடில், தங்களுக்கு மறுப்பு ஏதும் இல்லை எனக் கருதப்படும்.'

கேட்டீர்களா, தோழர்களே? பதில் வராவிட்டால் அவருக்கு மறுப்பு இல்லை என்று கருதுவார்களாம். பத்தொன்பது ஆண்டு அந்தச் சரளைக்கல்லில் சைக்கிள் மிதித்த மனிதர், இந்தச் சாலைக்குச் சம்மதித்தார் என்று ஒரு கோப்பில் எழுதி, நாடா கட்டி, அலமாரியில் வைத்துவிடுவார்கள். நிலம் போகும். அதை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் அவர் சம்மதித்தார் என்று மட்டும் அங்கே எழுதப்படக் கூடாது. நாளைக் காலை ஆறு மணிக்கு அவர் அறையில் இருப்பேன். எழுதத் தெரிந்தவர்கள் வாருங்கள், தெரியாதவர்களும் வாருங்கள்.